வந்தவர் கண்ணில் நம் அன்றாடம்: குடியேறிய ஓவியரின் படத்தைப் புரிந்துகொள்ள ஓர் அறிமுகம்

இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஐரோப்பியர் வரைந்த தமிழ்நாட்டுக் காட்சி நம் கைப்பேசிக்கு வந்து சேரும்போது, பெரும்பாலும் இரண்டு குறிப்புகளில் ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. "நம் முன்னோர் அக்காலத்தில் இப்படித்தான் வாழ்ந்தார்கள்" என்பது ஒன்று. "நம்மை இழிவாகக் காட்டுவதற்காக வெள்ளையர் வரைந்தது" என்பது மற்றொன்று. கோபிச்செட்டிபாளையத்தில் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பிக்கும் நான் இவ்விரண்டையும் அவர்களுடைய பெற்றோரிடமிருந்தே பலமுறை கேட்டிருக்கிறேன். முதல் குறிப்பு ஓவியத்தைச் சாட்சியாக அப்படியே ஏற்றுக்கொள்கிறது. இரண்டாவது விசாரிக்காமலேயே தள்ளிவிடுகிறது. அயல்நாட்டில் போய்க் குடியேறிய ஓவியர் ஒருவர் அங்குள்ள மக்களின் அன்றாட வாழ்க்கையை எவ்வாறு பார்க்கிறார், பார்த்ததை எவ்வாறு படமாக்குகிறார் என்பது தெரிந்துவிட்டால், இந்த இரண்டு அவசரங்களும் தணிந்துவிடும். அதற்கு ஓவியப் பயிற்சி வேண்டியதில்லை. நம் ஊரில் நடப்பவற்றைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

மஞ்சள் வாசமும் புது மருமகளும்

தை, மாசி மாதங்களில் ஈரோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் மஞ்சள் வெட்டி வேகவைக்கத் தொடங்கினால், அதன் வாசம் களத்தைத் தாண்டி அடுக்களை வரை வந்துவிடும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே வளர்ந்த பெண் ஒருத்தி மொடக்குறிச்சிப் பக்கம் மருமகளாக வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் அவள், "ஏனுங் அத்தை, இந்த வாசம் எத்தன நாளைக்குங்க இருக்கும்?" என்று கேட்பாள். மாமியாரோ, "எந்த வாசங் கண்ணு?" என்று திருப்பிக் கேட்பார். அவர் பொய் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகளாக அதே காற்றில் இருந்தவருக்கு அந்த வாசம் உண்மையிலேயே எட்டுவதில்லை. மாறாமல் தொடர்ந்து வரும் ஒன்றைக் கவனிப்பதை மனம் நிறுத்திக்கொள்ளும் இந்த இயல்பைப் 'பழகிப்போதல்' என்று சொல்வார்கள்.

குடியேறிய ஓவியரின் பலம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. உள்ளூர்க்காரருக்குக் கண்ணில் படாமல் போய்விட்ட கிளுவை வேலி, தலைச்சும்மாட்டின் மடிப்பு, சந்தையில் பெண்கள் குந்தி உட்காரும் விதம் ஆகிய அனைத்தும் அவருக்குப் புதிதாகத் தெரிகின்றன. அவருடைய பலவீனமும் இங்கேயே இருக்கிறது. புது மருமகளுக்கு வாசம் தெரியும். ஆனால் வாய்க்கால் தண்ணீரில் எந்த நாள் யாருடைய முறை, மஞ்சளை எந்த மண்டியில் போட்டால் பணம் எப்போது கைக்கு வரும், இந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஏன் பேச்சில்லை என்பன தெரியாது. கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டுவது முதல் நாளிலேயே கிடைத்துவிடுகிறது. காரணங்கள் கிடைப்பதற்கு ஆண்டுகள் ஆகின்றன. ஓர் ஓவியர் எத்தனை ஆண்டுகள் தங்கினார் என்று கேட்பது இதனால்தான் முக்கியமாகிறது.

சுருங்கச் சொன்னால், வந்தவர் இருப்பவரைவிட அதிகமாகப் பார்க்கிறார், குறைவாக அறிகிறார். இந்த இரண்டையும் ஒன்றாகவே நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

எது அன்றாட வாழ்க்கை ஓவியம்?

நம் வீட்டுச் சுவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு வகைப் படங்களே இருக்கும்: மாலை போட்ட தாத்தா பாட்டி படம், பிறகு சாமி படம். அதே பாட்டி மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருக்கும் காட்சியை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. பெயர் சொல்லப்படாத சாதாரண மனிதர்கள் சமைப்பது, விற்பது, சவரம் செய்வது, சீட்டாடுவது போன்ற வழக்கமான செயல்களில் இருப்பதைக் காட்டும் படமே 'அன்றாட வாழ்க்கை ஓவியம்' எனப்படுகிறது. ஒருவருடைய முகத்தை அவருக்காகவே வரைவது உருவப்படம். புராணத்தையோ போரையோ வரைவது வரலாற்றோவியம். 17ஆம் நூற்றாண்டு பிரான்சின் ஓவியக் கழகத்தார் வரலாற்றோவியத்தை உச்சியிலும் அன்றாடக் காட்சியை அதற்குக் கீழேயும் வைத்தார்கள். அதே நூற்றாண்டில் ஹாலந்தில் வணிகர்கள் தங்கள் வீட்டுச் சுவருக்காக இவ்வகைப் படங்களையே விரும்பி வாங்கினார்கள். வெர்மீர் வரைந்த, பால் ஊற்றும் பணிப்பெண்ணின் படம் அந்தச் சந்தையில் பிறந்ததுதான்.

'குடியேறிய ஓவியர்' என்பவர் ஒரு நாட்டில் பிறந்து, இன்னொரு நாட்டில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து தொழில் செய்பவர். அவர் பயணி அல்லர். ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரரின் மகன் வில்லியமும் 1792இல் நமக்கு வடக்கே, இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமான பாராமகால் பகுதி வழியாகச் சென்று, இராயக்கோட்டை உள்ளிட்ட மலைக்கோட்டைகளை வரைந்தார்கள். அவை அழகான படங்கள். ஆயினும் அடுத்த ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் இருப்பவருக்கு மலையும் கோட்டையும் வசப்படும் அளவுக்கு அடுப்படியும் களத்துமேடும் வசப்படுவதில்லை.

இனி, குடியேறியவர் ஏன் அன்றாடத்தையே தேர்ந்தெடுக்கிறார்? அன்றாடக் காட்சிக்கு, அது அன்றாடமாக இல்லாத இடத்தில்தான் விலை உண்டு. கட்டுமரத்தின் படத்தைக் கட்டுமரக்காரர் வாங்கமாட்டார். லண்டனுக்குத் திரும்பப்போகும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வாங்குவார். ஆக, படத்தில் இருப்பவர் ஒருவர், படத்தை வாங்குபவர் இன்னொருவர். இந்த ஒரு செய்தியை மறந்ததால் வந்தவையே இத்துறையில் நிலவும் குழப்பங்களில் பாதி என்பது என் எண்ணம்.

தெருவிலிருந்து கித்தானுக்கு

இப்போது செயல்முறைக்கு வருவோம். கோபிச்செட்டிபாளையத்தைச் சின்னக் கோடம்பாக்கம் என்று அழைத்த காலத்தில் இங்கே படப்பிடிப்பு பார்க்காதவர்கள் குறைவு. வயல் உண்மையான வயல். ஆனால் வரப்பில் போகும் மாட்டு வண்டி வேறொரு ஊரிலிருந்து வாடகைக்கு வந்தது. ஓட்டு வீடும் உண்மையானதே. ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு அது சொந்த வீடன்று. ஒவ்வொரு பொருளும் மெய்யாக இருக்கும்போதே, அவை அனைத்தும் சேர்ந்து அமைந்த அந்தக் காலைப்பொழுது எந்த நாளிலும் விடிந்ததில்லை. அன்றாட வாழ்க்கை ஓவியமும் பெரும்பாலும் இவ்வாறே உருவாகிறது.

இதை மிகத் தெளிவாகக் காட்டுபவர் ஜார்ஜ் சின்னரி. 1774இல் லண்டனில் பிறந்த இவர், 1802இன் இறுதியில் சென்னைக்கு வந்து சில ஆண்டுகள் இங்கு வாழ்ந்தார். பிறகு வங்காளம் சென்றார். கடன் தொல்லையால் 1825இல் அங்கிருந்து வெளியேறி, சீனக் கடற்கரையில் போர்ச்சுக்கீசியர் வசமிருந்த மக்காவு (Macau) நகருக்குப் போய், 1852இல் அங்கேயே இறந்தார். இங்கிலாந்துக்கு அவர் திரும்பவே இல்லை. கல்லறையும் மக்காவு நகரிலேயே இருக்கிறது. வயிற்றுப்பாட்டுக்காகச் செல்வர்களின் உருவப்படங்களை வரைந்தவர், மனம் கொடுத்து வரைந்தது தெருவைத்தான். சென்னைக் கடலோரத்தில் கட்டுமரங்களும் அலைகளைத் தாண்டும் மசூலாப் படகுகளும், மக்காவு நகரில் தெருவோர நாவிதர்கள், கொல்லர்கள், குந்தியிருந்து சூதாடுபவர்கள், படகிலேயே வாழ்ந்த தன்கா மக்களின் பெண்கள், பன்றிகள், ஆடுகள் என அவருடைய தாள்கள் நிரம்பிக் கிடக்கின்றன.

முதற்படி 'விரைவுக் கோட்டோவியம்'. அசையும் ஒன்றைச் சில கோடுகளில் பிடித்து வைப்பதே அது. கண்ணபுரம் மாட்டுத்தாவணியில் காங்கயம் காளையை வரைய முயன்றவர்களுக்கு இதன் தேவை புரியும். திமிலின் வளைவை முடிப்பதற்குள் காளை முகத்தைத் திருப்பிவிடும். நிறம் தீட்ட அங்கே நேரமில்லை. ஓரத்தில் 'மயிலை' என்றோ 'காரி' என்றோ ஒரு சொல் எழுதிவைத்தால் போதும், வீட்டுக்கு வந்தபின் அந்த உடலின் நிறம் முழுவதும் அச்சொல்லிலிருந்தே திரும்பக் கிடைத்துவிடும். சின்னரி இதையே சுருக்கெழுத்தில் செய்தார். நம் ஊர்களில் தட்டச்சுப் பயிலகங்களில் கற்பித்து வந்த சுருக்கெழுத்துக்கு முன்பே இருந்த வேறொரு முறையான கர்னி முறையில், தம் கோட்டோவியங்களின் ஓரங்களில் அவர் தமக்குத்தாமே குறிப்புகள் எழுதிக்கொண்டார். பென்சிலில் போட்டதன்மேல் பிறகு மையால் கோடிழுப்பதும், பல தாள்களில் தேதியிடுவதும் அவர் வழக்கம். ஒரே தாளில் குனிந்த முதுகு ஒன்று, தனியாக ஒரு கை, ஒரு கூடை, படுத்திருக்கும் பன்றி என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் கிடப்பதைப் பார்க்கும்போது, முடிந்த ஓவியங்களைவிட இந்தத் தாள்களே எனக்கு அவரோடு நெருக்கத்தைத் தருகின்றன. அந்த முதுகுகள் உண்மையில் குனிந்தவை.

இரண்டாம் படி 'காட்சியமைப்பு'. சேர்த்துவைத்த கோட்டோவியங்களிலிருந்து தேர்ந்தெடுத்து, யார் முன்னால், யார் பின்னால், வெளிச்சம் யார்மீது, எது வேண்டாம் என்று முடிவு செய்து ஒரு முழுப் படமாகக் கோப்பதற்கு அந்தப் பெயர். இது பெரும்பாலும் தெருவில் நடப்பதில்லை; பட்டறையில் நடக்கிறது. செவ்வாய்க்கிழமை பார்த்த கொல்லனும் மூன்று மாதம் கழித்துப் பார்த்த சிறுவனும் ஒரே உலைக்களத்தில் சந்தித்துக்கொள்வார்கள். தெருவில் கிடந்த குப்பை, குறுக்கே வந்த இன்னொரு வண்டி, பொருந்தாத நிறச் சேலை ஆகியவை வெளியேறிவிடும்.

அமிர்தா சேர்கில்லின் எடுத்துக்காட்டும் இங்கே உதவும். அவரைக் குடியேறியவர் என்று முழுமையாகச் சொல்ல முடியாது. தந்தை பஞ்சாபியர், தாய் ஹங்கேரியர், பிறந்தது 1913இல் புடாபெஸ்டில், பயின்றது பாரிசில். 1934இல் இந்தியா திரும்பியவர், பின்னர் தென்னாட்டில் பயணம் செய்தார். 'மணமகளின் ஒப்பனை', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்' ஆகிய மூன்றையும் 1937இல் அவர் வரைந்தது சிம்லாவுக்குத் திரும்பிய பிறகு. அம்மூன்றிலும் தென்னாட்டு உடல்களோடு, வழியில் அவர் பார்த்து வியந்த அஜந்தாச் சுவரோவியங்களின் அமைதியும் கலந்திருக்கிறது. அப்படங்களைத் தென்னாட்டுச் சந்தையின் நேரடிப் பதிவாக எடுத்துக்கொண்டால், அவர் செய்ததில் பாதியை நாம் இழந்துவிடுவோம்.

காட்சியமைப்பை நம் பக்கத்து அனுபவத்தைக் கொண்டே கண்டுபிடிக்கவும் முடியும். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் நிலைகொண்ட யோஹான் சோஃபனி, 1780களில் லக்னோவில் நடந்த சேவல் சண்டை ஒன்றை வரைந்தார். நவாப் ஆசப் உத்தௌலாவும் கர்னல் மார்டன்ட்டும் நடுவில் நிற்க, சுற்றிலும் பெருங்கூட்டம். அரவக்குறிச்சிப் பக்கம் சேவற்கட்டு பார்த்தவர் எவரும் அப்படத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஒன்றைக் கவனிப்பார்: பலருடைய கண்கள் சேவலின்மீது இல்லை. களத்தில் அப்படி நடப்பதில்லை. ஒவ்வொருவர் முகமும் அடையாளம் தெரியவேண்டும் என்பதற்காக ஓவியர் அவர்களைத் திருப்பி உட்காரவைத்திருக்கிறார். தம்மையும் கையில் எழுதுகோலோடு ஓர் ஓரத்தில் வரைந்துகொண்டார். அந்த வகையில் அவர் எதையும் மறைக்கவில்லை.

ஆக, பார்த்தது கோட்டோவியம், கோத்தது காட்சியமைப்பு. துண்டுகள் மெய்யானவை, தையல் ஓவியருடையது.

ஆளா, வகையா?

தொடக்கப்பள்ளிச் சுவரில் 'நமக்கு உதவுபவர்கள்' என்ற வரைபடம் தொங்குவதைப் பார்த்திருப்போம். அதில் தபால்காரர் இருப்பார், தச்சர் இருப்பார், நெசவாளர் இருப்பார். அந்த நெசவாளர் சென்னிமலையில் எந்தத் தெருவிலும் வசிப்பவர் அல்லர். நெசவாளர் என்றால் இப்படி இருப்பார் என்பதற்கான அடையாளம் மட்டுமே. இதற்கு 'வகைமாதிரி' என்று பெயர். அயல்நாட்டார் வரைந்த பழைய படங்களில் பெரும்பகுதி இந்த வரைபடத்துக்கு உறவானவை.

ஆன்ட்வெர்ப்பில் 1760இல் பிறந்த பிரான்சுவா பால்தசார் சொல்வின்ஸ், 1791இல் கல்கத்தாவுக்கு வந்து பத்தாண்டுகளுக்கு மேல் தங்கி, சாதிகள், தொழில்கள், திருவிழாக்கள், படகுகள், இசைக்கருவிகள் என்று வரிசைப்படுத்தி, 250 செதுக்குப் படங்களை 1790களின் பிற்பகுதியில் வெளியிட்டார். செதுக்குப் படம் என்பது செப்புத் தகட்டில் கோடு பொறித்து, மை தடவி, தாளில் ஒற்றி எடுப்பது. அம்முயற்சி அவருக்குப் பெரும் பண இழப்பைத் தந்தது. மங்கலான வண்ணமும் இறுக்கமான உருவங்களும் ஐரோப்பியர்களுக்குப் பிடிக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் லண்டனில் எட்வர்ட் ஓர்ம் என்ற பதிப்பாளர் அவற்றில் 60 படங்களை எடுத்து, அவருடைய அனுமதி இல்லாமலேயே பளிச்சென்ற வண்ணங்களோடு அழகுபடுத்தி வெளியிட, அது நன்றாக விற்றது. சொல்வின்ஸ் மனம் தளராமல் பாரிசில் 1808 முதல் 1812 வரை நான்கு பெருந்தொகுதிகளாக மீண்டும் வெளியிட்டார். அதிலும் பணம் வரவில்லை. வாங்குபவரின் விருப்பம் ஒரு படத்தை எவ்வளவு தூரம் வளைக்கும் என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை. நேர்மையான வடிவம் கிடங்கில் தூங்கியது; மெருகேற்றிய வடிவம் வரவேற்பறைகளை அடைந்தது.

இந்தத் தேவை நம் பக்கத்து ஓவியர்களையும் தொட்டது. காவிரியில் நமக்குக் கீழே உள்ள திருச்சிராப்பள்ளியில், 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஓவியர்கள் மெல்லிய அபிரேகத் (மைக்கா) தகடுகளில் தொழில்களையும் உடைகளையும் வரைந்து ஐரோப்பியருக்கு விற்றார்கள். முகம் மட்டும் வரைந்த ஓர் அட்டையும், அதன்மேல் வைத்துப் பார்க்கப் பல உடைகள் தீட்டிய அபிரேகத் தகடுகளும் சேர்ந்த தொகுப்புகளும் உண்டு. ஒரே முகத்துக்கு உடை மாறினால் தொழிலும் சாதியும் மாறிவிடும். வரைந்தவர் இந்த மண்ணில் பிறந்தவர்தான். ஆனால் பார்வை வாங்குபவருடையது. வெளியார் பார்வை என்பது பிறந்த ஊரைப் பொறுத்தது மட்டுமன்று என்பதை இந்தத் தகடுகளைக் கண்டபின்புதான் நான் உணர்ந்தேன்.

தேடி வந்தவரும் தங்கிவிட்டவரும்

சிலர் தாங்கள் போகும் நாட்டைப் போவதற்கு முன்பே மனத்தில் வரைந்துகொண்டு விடுகிறார்கள். பிரெஞ்சு ஓவியர் பால் கோகன் 1891இல் பசிபிக் பெருங்கடலிலுள்ள தாஹித்தித் தீவுக்குப் போனபோது, நாகரிகம் தீண்டாத ஒரு பழைய உலகத்தைத் தேடினார். அவர் போய் இறங்கியதோ, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகக் கிறித்தவப் பாதிரிமார் பணியாற்றி வந்த, பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட, பெண்கள் நீண்ட அங்கி அணியும் ஊர். அவர் தேடியது அங்கே இல்லாததால் அதைக் கித்தானில் உருவாக்கினார். 1891இல் வரைந்த 'இயா ஒரானா மரியா' என்ற படத்தில் கைகூப்பி நிற்கும் இரு தாஹித்திப் பெண்களின் நிலை, அவர் உடன் கொண்டுசென்ற ஒளிப்படத்தில் இருந்த ஜாவாவின் போரோபுதூர் கற்சிற்பத்திலிருந்து எடுக்கப்பட்டது. அவருடைய நிறங்களின் ஆற்றலை யாரும் மறுக்க முடியாது. அதே நேரத்தில், மிக இளம் வயதுப் பெண்களோடு அவர் அங்கு வாழ்ந்த விதம் இன்று கடுமையாகக் கண்டிக்கப்படுகிறது. அந்தக் கண்டனம் நியாயமானது. அவர் படங்களைத் தாஹித்தியின் அன்றாடம் என்று காட்டுவது பிழை. அவை கோகனின் ஏக்கம்.

எத்தியேன் தினே வேறு வகை. பாரிசைச் சேர்ந்த இவர் 1884 முதல் அல்ஜீரியாவுக்குப் போய்வந்து, அரபு மொழி கற்று, பாலைவன ஓரத்திலுள்ள பூ சாதா என்னும் ஊரில் குடியேறி, பின்னர் இஸ்லாத்தைத் தழுவி நஸ்ருத்தீன் என்று பெயர் வைத்துக்கொண்டார். 1929இல் ஹஜ் பயணம் போய்வந்தார். அதே ஆண்டில் இறந்தபின் அந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். தொழுகையில் நிற்பவர்களையும் விளையாடும் பிள்ளைகளையும் அவர் வரைந்த படங்களில் முகங்கள் வகைமாதிரிகளாக இல்லை. ஒவ்வொன்றும் ஓர் ஆளாக இருக்கிறது. ஆனாலும் ஐரோப்பியச் சுவர்களுக்கு ஏற்ற, ஆற்றோரம் குளிக்கும் பெண்களையும் அதே கைதான் வரைந்தது. ஒருவர் மொழியைக் கற்று, மதம் மாறி, அந்த மண்ணிலேயே அடங்கினாலும், வாங்குபவரின் நிழல் முழுமையாக நீங்கிவிடுவதில்லை.

நமக்கு மிக அருகிலும் ஒருவர் வாழ்ந்தார். கோயம்புத்தூரிலிருந்து சத்தியமங்கலம், திம்பம், சாமராஜநகர், கனகபுரா வழியாகப் பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், பெங்களூரை நெருங்கும்போது தாத்தகுணி என்ற இடம் வரும். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1904இல் பிறந்த ஸ்வெதோஸ்லாவ் ரோரிக், நடிகை தேவிகா ராணியை 1945இல் மணந்து, பின்னர் அங்கிருந்த தோட்டத்தில் பல பத்தாண்டுகள் வாழ்ந்து, 1993இல் மறைந்தார். நேருவின் உருவப்படத்துக்காகப் பலரும் அவரை அறிவார்கள். செம்மண் நிலத்தில் உழைக்கும் தென்னிந்திய மனிதர்களை அவர் வரைந்த படங்களைப் பெங்களூரிலுள்ள சித்ரகலா பரிஷத்தின் ரோரிக் கூடத்தில் காணலாம். திம்பத்தின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியிறங்கிப் பழகிய நமக்கு, மாலை வெயிலில் மலை ஊதாவாக மாறும் அந்த வேளை அவருடைய நிறங்களில் தெரியும். அது மிகை என்று வேறெங்கோ இருப்பவருக்குத் தோன்றலாம்.

ஒரு படம் உங்கள் கைக்கு வந்தால்

மேலே பார்த்தவற்றை ஒரு படத்தின்மீது வைத்துப் பார்ப்பது கடினமன்று. அவர் எவ்வளவு காலம் அங்கே இருந்தார், அங்குள்ள மொழியைப் பேசினாரா என்று முதலில் கேட்கலாம். பிறகு, இது தெருவில் பிடித்த கோடா, பட்டறையில் கோத்த காட்சியா என்று பார்க்கலாம். எல்லாருடைய முகத்திலும் வெளிச்சம் சமமாக விழுந்து, யாரும் யாரையும் மறைக்காமல் நின்றால் அது கோத்தது. பாத்திரத்தின் வடிவம், கருவியைப் பிடிக்கும் முறை, சேலைக்கட்டு ஆகியவற்றில் இத்தகைய ஓவியர்களைப் பெரும்பாலும் நம்பலாம், ஏனெனில் அவர்கள் கண்ணுக்கு அவையே புதியவை. யார் யாரோடு சேர்ந்து நிற்கிறார்கள், யார் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்பவற்றில் அவ்வளவு எளிதாக நம்பவேண்டாம். கடைசியாக, இந்தப் படம் யாருடைய சுவருக்காக வரையப்பட்டது என்று கேட்கவேண்டும்.

இதையே திருப்பியும் பார்க்கலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் ஓவியம் வரையத் தெரிந்த ஒருவர், பத்தாண்டு இங்கேயே தங்கி நம்மை வரைகிறார் என்று எண்ணிப்பாருங்கள். கட்டிங் மேசையின் கீழே குவியும் வெட்டுத்துணி, லைன் வீட்டு வாசலில் வரிசை கட்டிய நீலக் குடங்கள், பேக்கரியில் நின்றபடியே தேநீர் குடிக்கும் நம் அவசரம், பேசும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் நாம் சேர்க்கும் 'ங்க'வுக்கு ஏற்ப அசையும் தலை ஆகியவை அப்படத்தில் இருக்கக்கூடும். அதை அவர் எந்த ஊரில், யாருக்குக் காட்டுவார், அதில் நாம் எந்த ஓரத்தில் நிற்போம், நம் முகத்தில் ஓர் ஆள் தெரிவாரா, 'தமிழ்நாட்டு முதலாளி' என்ற வகைமாதிரி மட்டும் தெரியுமா என்பதை, அவர் கித்தானை விரிக்கும் நாளில் நாம் போய் நின்று பார்க்கவேண்டும்.